கிணற்றுக்குள் ஓடிய ஆறு வாரம்

பட்டாளத்தில் சேர ஓடிப் பழகும்போது எனக்கு வந்த கால்வலி எங்கே இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் இதையே தப்பாகச் சொல்லித்தான் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். முழங்கால் இல்லை, கெண்டைக்கால் சதையும் இல்லை. கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அந்த முன் எலும்பு. அதன் உள்பக்க ஓரமாக, கணுக்காலுக்கு மேலே நாலு விரல் விட்டு ஆரம்பித்து ஒரு சாண் நீளத்துக்கு. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது எலும்பின் மேல் அரம் வைத்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் தாண்டினால் வலி மரத்துப்போகும், "அட, சரியாகிவிட்டது" என்று தோன்றும், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் திரும்பவும் ஆரம்பிக்கும். கிரவுண்டில் நாங்கள் இதை ஷின் பெயின் என்போம். புத்தகத்தில் ஷின் ஸ்பிளின்ட்.

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை, பெரும்பாலும் தக்காளி, மழை ஏமாற்றினால் கேழ்வரகு. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள், அதனால் நானும் போவேன் என்று பத்தாவது படிக்கும்போதே முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

2022-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அக்னிபத் என்ற திட்டம் வந்தது. முன்பெல்லாம் ரேலி, அதாவது மைதானத்தில் ஓட்டமும் உடல் தகுதியும் பார்க்கும் ஆள்சேர்ப்பு, முதலில் நடக்கும், ஓடி ஜெயித்தவனுக்குத்தான் அப்புறம் எழுத்துத் தேர்வு. 2023-ல் அதைத் திருப்பிப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் தேர்வு முதலில், அதில் தேறியவனுக்குத்தான் ரேலி. இது நல்லதா கெட்டதா என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் எங்களைப் போன்ற பையன்களின் கால்களுக்கு இதனால் என்ன ஆனது என்று யாரும் பேசுவதில்லை. தேர்வுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறோம், ஓட்டத்தை விட்டுவிடுகிறோம், "முதலில் ரிசல்ட் வரட்டும், அப்புறம் ஓடிக்கலாம்" என்று. ரிசல்ட் வந்த மறுநாள் காலை நாலரை மணிக்கு மொத்தக் கூட்டமும் தார் ரோட்டில் நிற்கிறது. கையில் இருப்பது சில வாரம்தான். நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை.

2024-ல் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் வாரம் தினமும் ஐந்து கிலோமீட்டர். இரண்டாவது வாரம் காலையில் எட்டு, சாயந்திரம் ஸ்பிரின்ட். மூன்றாவது வாரம் ஞாயிறு லீவையும் எடுத்துவிட்டு அன்றைக்கு மேட்டு ரோட்டில் ஏற்றம். எல்லாமே தார் ரோடு, காலில் நானூறு ரூபாய் கேன்வாஸ் ஷூ, அதுவும் அண்ணன் போட்டுத் தேய்த்தது, இடது குதிகாலில் ரப்பர் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எடை குறைந்தால் வேகம் வரும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டேன். பதினெட்டாவது நாளோ பத்தொன்பதாவது நாளோ வலி வந்தது. பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னேன். "வலிக்குதுன்னு சொல்றவனுக்கு பட்டாளத்துல என்னடா வேலை" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவரை அப்படித்தான் யாரோ வளர்த்திருப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் எனக்கு அதிகம் செலவு வைத்தது. நொண்டுவது தெரியக்கூடாது என்று வார்ம் அப்பிற்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே போய், மரத்துப்போகிற வரை தனியாக ஓடிவிட்டு வந்து வரிசையில் நிற்பேன். வலி மாத்திரை போட்டேன். ஸ்பிரே அடித்தேன். பக்கத்து ஊரில் எலும்பு நீவிவிடுகிறவர் ஒருவரிடம் போனேன், அவர் கட்டைவிரலால் எலும்பின் மேலேயே அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தார், நான் அம்மா என்று கத்தியது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். இரண்டு நாள் கழித்து வலி கூடியதே தவிர குறையவில்லை. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள், "எலும்பு நல்லாருக்கு, ஓடலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தானே நான் தேடிக்கொண்டிருந்தேன்!

ரேலியில் 1600 மீட்டர். 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால் 60 மார்க், 5:45-க்குள் வந்தால் 48, அதற்கு மேல் அப்போது ஒன்றும் கிடையாது. நானூறு மீட்டர் சுற்று நாலு, 5:30 வேண்டுமானால் சுற்றுக்கு 82 நொடி சொச்சம். முதல் இரண்டு சுற்று எனக்கு நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் வளைவு திரும்பும்போது இடது காலைத் தரையில் ஊன்றவே பயமாக இருந்தது. வலியை விட அந்தப் பயம்தான் வேகத்தைத் தின்றது. நேரம் முடிந்து குறுக்கே கயிறு விழுந்தபோது நான் கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆயாதான் என் காலை மடியில் எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்த் தண்ணி கண்ணு, அதான் எலும்பத் தின்னுது" என்றது. சிரிக்க வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல் பழுப்பேறியவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நானும் பாதி நம்பினேன். பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டால் எனக்கு நிம்மதி, இல்லையா?

அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, ஃப்ளோரைடு தொல்லை முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் பிடிப்பாகத் தெரியும், பல வருடம் ஆகும், ஓடினால் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வலிப்பது அதில்லை என்றார். அப்புறம் ஒரு விரலால் என் எலும்பின் ஓரத்தை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். வலது காலில் ஒரு சாண் முழுக்க ஒரே மாதிரி வலி. இடது காலில் ஒரே ஒரு இடம், ஒரு ரூபாய் காசு அளவு, அங்கே தொட்டதும் நான் மேஜையை விட்டு எழும்பிவிட்டேன். "ராத்திரி தூக்கத்துல வலிக்குதா?" என்று கேட்டார். வலித்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பரவலாக, ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். ஒரே புள்ளியில் குத்தினால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அந்தப் புள்ளியில் சுரீர் என்றால், ஓடாமல் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்பது ஓடலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. இன்னொன்றும் உண்டு. ஓடும்போது மட்டும் கெண்டைக்கால் இறுகிக் கல்லாகி, பாதம் மரத்துப்போய், நின்றால் சரியாகிற வகை. அது எலும்புச் சமாச்சாரமே இல்லை, சதையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறுவது, அதற்கும் டாக்டர்தான்.

எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது எலும்பில் நீர் கோத்த வீக்கம், விரிசல் இன்னும் விழவில்லை. இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால் விழுந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. நான் வெயிலில் ஓடுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். "நாலரை மணிக்கு ஏது தம்பி வெயில்?" என்றார். அதோடு படிப்பு என்று பகல் முழுக்க அறைக்குள் கிடந்தவன் நான்.

எலும்பு பலமாவது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதிர்ச்சி கொடுக்கக் கொடுக்க எலும்பு இறுகும் என்பது சரிதான், ஆனால் உடனே இல்லை. உடம்பு முதலில் அடிபட்ட பழைய எலும்பை அரித்து எடுக்கும், அப்புறம்தான் புதியதை நிரப்பும், அது நிரம்பி இறுகப் பல வாரம் பிடிக்கும். நடுவில் ஒரு கட்டத்தில் எலும்பு முன்பிருந்ததை விட பலவீனமாக இருக்கும். நம் பக்கம் ரோடு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, பழைய தாரைக் கொத்திவிட்டு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அதே ரோட்டில் தக்காளி லாரி போனால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் என் காலுக்கு ஆனது அதுதான். மூச்சும் சதையும் சீக்கிரம் தயாராகிவிடுகின்றன, எலும்பு இன்னும் ஜல்லியாகவே கிடக்கிறது. தெம்பு வந்துவிட்டது என்று நாம் வேகத்தைக் கூட்டுகிற வாரமும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பிசியோ அண்ணன் மட்டும் இல்லை என்றால் மூன்றாவது நாளே ரோட்டில் இறங்கியிருப்பேன். அவர் கேட்டார், "உங்க ஊர்ல கிணறு இருக்கா? தண்ணி இருக்கா?"

எங்கள் கொல்லைக் கிணறு வட்டக் கிணறு, ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு முப்பதடி இருக்கும், அந்த வருடம் நல்ல தண்ணீர். சின்ன வயதில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்களே, அதே மாதிரி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் காலியானது ஒன்றை மூடியை இறுக்கித் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டேன். இறங்கி, கால் தரையைத் தொடாத ஆழத்தில், நெஞ்சை நிமிர்த்தி நேராக நின்றபடி ஓடுவது. நீச்சல் இல்லை, ஓட்டம். முழங்கால் முன்னால் எழும்ப வேண்டும், கை ரோட்டில் ஓடும்போது வீசுகிற மாதிரியே வீச வேண்டும், உடம்பு முன்னால் குப்புறச் சாயக்கூடாது. முதல் நாள் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கிவிட்டது, நகர்ந்தது என்னவோ ஆறடி. ஆயா மேலே தொட்டியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்னடா கண்ணு, கெணத்துல நடந்து எங்க போகப்போற?" என்று கேட்டது இன்றைக்கும் வீட்டில் ஒரு கதை. இரண்டு நிமிடம் முழு மூச்சாக, ஒரு நிமிடம் மெதுவாக, இப்படி எட்டுத் தடவை. வாரம் நாலு நாள். மற்ற நாள் அப்பாவின் பழைய சைக்கிளில் மாரண்டஹள்ளி வரை போய் வருவேன். நீச்சல் தெரியாதவன் இதைச் செய்யாதே, தெரிந்தவனும் மேலே ஆள் இல்லாமல் இறங்காதே. எனக்கு ஆயா காவல், கையில் கயிறும் வைத்திருக்கும்.

கிணற்றுப் படியிலேயே கெண்டைக்கால் பயிற்சியும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும், குதிகால் வெளியே. ஏறுவது சுலபம், மூன்று எண்ணி மெதுவாக இறங்குவதில்தான் வேலை. முழங்காலை நீட்டி பதினைந்து, அப்புறம் கொஞ்சம் மடக்கிப் பதினைந்து, இப்படி மூன்று சுற்று. மடக்கிச் செய்வதை நம் பையன்கள் யாருமே செய்வதில்லை, அதில்தான் கெண்டைக்காலின் உள் சதைக்கு வேலை, ஓடும்போது எலும்புக்குப் போகிற அதிர்ச்சியில் பெரிய பங்கை வாங்கிக்கொள்வது அந்தச் சதை. ஒரு மாதம் கழித்து முதுகுப் பையில் மணல் போட்டு அதையே செய்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஓரடி முன்னால் வைத்து, விரல்களை மேலே தூக்கி இறக்குவது இருபது. ஒரு பக்கமாகப் படுத்து மேல்காலைத் தூக்குவது, இடுப்புக்காக. வெட்கமாக இருக்கும், வீட்டுக்குள் செய்யலாம்.

ஐஸ் பற்றிக் கேட்பீர்கள். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாக்கெட்டை உறையவைத்துத் துணி சுற்றிப் பதினைந்து நிமிடம் வைப்பேன். வலி குறையும், சுகமாக இருக்கும், அவ்வளவுதான், எலும்பை அது ஒட்டவைக்காது. எண்ணெய் போட்டு நீவுவதென்றால் பின்னால் சதையில் நீவுங்கள், எலும்பின் மேல் கை வைக்காதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, வண்டியில் ஆயில் லைட்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற மாதிரி. ராத்திரிச் சாப்பாடு திரும்ப வந்தது. காலையில் களியும் கீரையும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, இதை வீட்டில் வைத்துக்கொண்டு நான் டப்பா பவுடர் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிரவுண்டில் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், டாக்டரம்மா சொல்லச் சொன்னது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நிறைய ஓடி, மாதவிலக்கு தள்ளிப்போகவோ நிற்கவோ செய்தால் அதை வசதி என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு மெலியலாம் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. கால் வலியும் சேர்ந்திருந்தால் உடனே காட்டுங்கள்.

திரும்ப ஓடுவதற்கு மூன்று சோதனை வைத்தார் பிசியோ அண்ணன். நாற்பது நிமிடம் வேகமாக நடந்தால் வலி கூடாது, எலும்பை விரலால் அழுத்தினால் வலி கூடாது, ஒற்றைக் காலில் இருபது தடவை குதித்தால் வலி கூடாது. நாலாவது வாரமே முதல் இரண்டும் தேறிவிட்டேன், மூன்றாவதுக்கு ஏழாவது வாரம் ஆனது. அப்புறம் ஏரிக்கரை செம்மண்ணில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பக்கத்தில் பையன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போவார்கள், நான் வயசானவர்கள் வாக்கிங் போகிற மாதிரி கைக்கடிகாரம் பார்த்து நடந்துகொண்டிருப்பேன், கிண்டல் இல்லாத நாளே கிடையாது. விதி ஒன்றுதான்: மறுநாள் காலை முதல் பத்து அடியில் எலும்பு என்ன சொல்கிறது. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த படி. லேசாக உறுத்தினால் அதே படியில் இன்னொரு தடவை. வலித்தால் ஒரு படி கீழே. முதலில் தூரத்தைக் கூட்டினேன், நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் வந்த பிறகுதான் வேகம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டவே இல்லை.

ஓடுகிற விதத்தில் ஒரே ஒரு மாற்றம். வலது கால் தரையில் படுவதை அரை நிமிடம் எண்ணச் சொன்னார். நாற்பது வந்தது. அதை நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்றாக்கச் சொன்னார், வேகத்தைக் கூட்டாமல். அடி சின்னதாகிறது, கால் உடம்புக்குக் கீழேயே விழுகிறது, தொப் தொப் என்ற சத்தம் குறைகிறது. எட்டிப் போட்டால்தான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பழக ஒரு மாதம் ஆனது. தக்காளி கொஞ்சம் விலை போன ஒரு வாரத்தில் அப்பா 2,800 ரூபாய்க்கு ரன்னிங் ஷூ வாங்கித் தந்தார், பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டவே இல்லை.

அடுத்த தடவை நான் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் மூன்று நாள் ஓடினேன், அரைமணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். என் கதையில் பின்பற்ற ஒன்றே ஒன்று இருக்கிறதென்றால் இதுதான், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 2025 ரேலிக்கு 1600 மீட்டரில் மூன்றாவது நாலாவது குரூப் என்று சேர்த்து 6:15 வரை நேரத்தை நீட்டியிருந்தார்கள், மார்க் மட்டும் குறையும். முந்தின வருடம் இது இருந்திருந்தால் என்று ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். சரி, விடுங்கள். 5:34 வந்தது, பீமில், அதாவது கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவதில், பத்து. மெடிக்கலும் முடிந்தது.

இப்போது கையில் ஜாயினிங் தேதி இருக்கிறது. மாமா பையன் ட்ரெய்னிங் முடித்தவன், அவன் சொன்னது: ரேலி ஓட்டம் ஒன்றுமே இல்லை, முதல் சில வாரம் டிரில்லில் குதிகாலை ஓங்கி அடிப்பதும், பட்டாளத்து டி.எம்.எஸ். பூட்ஸில் நாள் முழுக்க நிற்பதும்தான் முன் எலும்பைத் தேடி வரும். "வலிச்சா முதல் வாரமே உஸ்தாதுகிட்ட சொல்லிட்டு எம்.ஐ. ரூம் போயிடு மச்சி. மூணு நாள் ரெஸ்ட்ல முடியும். மறைச்சு வச்சு உடைச்சுக்கிட்டா மாசக்கணக்குல போயிடும், ரெலிகேட் ஆகி அடுத்த பேட்ச்சோட மறுபடி முதல்ல இருந்து." உஸ்தாது என்றால் அங்கே பயிற்சி கொடுப்பவர், எம்.ஐ. ரூம் என்றால் பட்டாளத்து மருத்துவ அறை. 2024-ல் என் பயிற்சியாளர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

அதனால் ஒரு மாதமாகப் பழைய பூட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு கொல்லையில் தண்ணீர் கட்டுகிறேன், முதல் வாரம் அரைமணி, இப்போது இரண்டு மணி நேரம். போன செவ்வாய் இடது காலில் அதே இடத்தில் லேசாக உறுத்தியது. புதன்கிழமை ரோட்டுக்குப் போகவில்லை. எண்ணெய் கேனைத் தேடினேன், பரணில் கிடந்தது, துண்டால் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். ஆயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மேலே உட்கார்ந்து சத்தத்தை வைத்தே, "கால மேல தூக்கு கண்ணு, சோம்பேறித்தனமா அடிக்கிற" என்றது.